ஐந்து மூட்டை மரச்சுருள்

காலை பதினொன்று இருபதுக்குப் பலகை இழைக்கும் பிளேனர் மெஷினுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கடிகாரம் மெஷினுக்கு நேரெதிரே சுவரில் இருந்ததால் நேரம் மறக்கவில்லை. பிளேடு ஆணியில் பட்டால் இப்படிக் கேட்காது. பட்டறையே அதிரும், பொறி பறக்கும். இது நகம் வெட்டும்போது கேட்கிற அளவுக்குத்தான் இருந்தது. ஆனாலும் சுவிட்சை அணைத்தேன். பிளேடில் சின்னப் பல் விழுந்தாலும் போதும், அதற்குப் பிறகு வருகிற பலகை அத்தனையிலும் கோடு விழும்.

மறுபக்கம் நின்று பலகையை வாங்கிக்கொண்டிருந்தவர் பட்டறையில் எனக்கு இருந்த ஒரே ஆள். என்னைவிட நாலைந்து வயது இளையவர். முகத்துத் துணியை இறக்கிவிட்டுக் கத்தினார்.

“இன்னா சார் நிறுத்திட்ட? வேல சூடு புடிச்சிக்கினு இருக்க சொல்லோ!”

“என்னமோ கடிச்சுது. பலகைய வெளிய எடு.”

“காந்தம் வெச்சி ரெண்டு பக்கமும் தேச்சிப் பாத்துட்டுதான் குட்த்தேன். என் மேல பழிய போடாத.”

அவர் சொன்னது உண்மை. பழைய பலகை வந்தால் முதலில் காந்தத்தால் தடவி ஆணி இருக்கிறதா என்று பார்ப்போம். மேல்பக்கம், அடிப்பக்கம், இரண்டு ஓரம். பலகையின் முனையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை, அங்கே யார் ஆணி அடிப்பார்கள்? அந்த முனையில்தான் இருந்தது. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை. இரண்டு குண்டூசி கனத்துக் கம்பியால் குத்தியிருந்தார்கள். மேலே மணலும் அழுக்கும் ஏறி மரத்தோடு மரமாக இருந்திருக்கிறது. ஒரு ஓரம் மடிந்து மேலே வந்ததில் பிளேடு அதைச் சீவிவிட்டது.

கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். பொடி ஆங்கில எழுத்து. பூச்சி அரிக்காமலிருக்க மரத்துக்குள் ஏற்றிய மருந்தின் பெயர் முதல் வரியில்: செம்பு, குரோமியம், ஆர்சனிக். அடுத்த வரியில் இரண்டு எச்சரிக்கை. இதன் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. இதை எரிக்கக் கூடாது.

நான் வேதியியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அது. அதை வைத்து வேலை கிடைக்காமல் ஐந்து வருடம் அலைந்து, கடைசியில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் மரம் இழைக்கும் பட்டறை போட்டேன். அந்த வரியைப் படித்து அர்த்தம் புரிந்துகொள்ள எனக்கு அகராதி தேவைப்படவில்லை. புரியாமல் போயிருந்தால் அடுத்த பலகையை விட்டிருப்பேன்.

பலகைகள் கடலோரத்தில் ஒரு தங்கும் விடுதியிலிருந்து வந்தவை. இரண்டாயிரத்துக்குப் பிறகு மாமல்லபுரம் பக்கம் கடற்கரை நெடுக அந்த மாதிரி விடுதிகள் முளைத்துக்கொண்டிருந்தன. மணலில் கால் வைக்காமல் அறையிலிருந்து கடல் வரை நடந்து போக மரத்தில் ஒரு பாதை போடுவார்கள். அப்படி ஒரு பாதையைப் பெயர்த்து, ‘ஃபாரின் பைன் மரம், மேல்தோல் மட்டும் எடுத்துக் குடு, திருப்பிப் போட்டுடலாம்’ என்று கான்ட்ராக்டர் லாரியில் அனுப்பியிருந்தார். மழையும் உப்புக் காற்றும் பட்டுச் சாம்பல் நிறம் ஏறியிருந்த பலகைகள். ஒவ்வொரு பக்கமும் அரை நூல் கனத்துக்குச் சீவி எடுத்தால் உள்ளே பளிச்சென்று வந்துவிடும்.

வந்ததும் அப்படித்தான். தேக்கு மெஷினில் முரண்டு பிடிக்கும், வேம்பு நார் நாராகக் கிழியும். இந்த மரம் வெண்ணெய் மாதிரி போனது. சுருள் சுருளாகக் கொட்டியது. சாம்பல் தோலுக்கு அடியில் லேசான பச்சை ஓடியதைப் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. கடல் ஈரத்தில் கிடந்த மரம், பாசி பிடித்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பலகையைக் கையால் தடவி, “பாரு, பச்சைப் பட்டு மாதிரி” என்று என் ஆளிடம் காட்டினேன். அது அந்த மருந்திலிருந்த செம்பின் பச்சை; நான் அப்படிச் சொன்னது இப்போதும் உறுத்துகிறது.

முந்தின நாள் மத்தியானம் ஆரம்பித்த வேலை. அதற்குள் ஐந்து மூட்டைச் சுருள் பட்டறையைவிட்டு வெளியே போயிருந்தது.

எங்கள் பட்டறையில் சுருளும் தூளும் யார் சாக்கு கொண்டுவந்தாலும் அள்ளிக்கொண்டு போகலாம். தூள் அடுப்பு வைத்திருக்கிற வீடு அந்தப் பக்கம் நிறைய. பெயின்ட் டப்பாவின் அடியில் ஒரு ஓட்டை போட்டு, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் தூளை இடித்து இடித்து அடைக்க வேண்டும். பிறகு பாட்டிலை உருவிவிட்டுக் கீழிருந்து பற்றவைத்தால் மூன்று மணி நேரம் நின்று எரியும். எரிந்து முடிந்த சாம்பலையும் கொட்டமாட்டார்கள். மாவு மாதிரி இருக்கும், தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தால் பாத்திரம் பளபளக்கும். மரத்தை எரித்தால் அதற்குள் இருந்த மருந்தில் கொஞ்சம் புகையோடு போகும், மிச்சம் முழுக்கச் சாம்பலில் தங்கும். இது எனக்குத் தெரியும். யோசிக்க அவசியம் வரும்வரை தெரிந்தது எதற்கும் உதவவில்லை.

ஐந்து மூட்டையும் எங்கே போனது என்று விரல் விட்டு எண்ணினேன். எதிரே இட்லிக் கடைக்கு இரண்டு. பின் தெருவில் மாடு வைத்திருப்பவர் வீட்டுக்கு ஒன்று. மீதி இரண்டை நானே சாக்கில் போட்டுக் காலால் மிதித்து அமுக்கி, வாயைக் கோணி ஊசியால் தைத்து என் மகளிடம் கொடுத்திருந்தேன்.

அவள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் சாரணியர் படையில் இருந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் இரண்டு நாள் முகாம். அங்கேயே சமைத்துச் சாப்பிடுவதாக ஏற்பாடு. ‘தூள் எங்கப்பா குடுப்பாரு டீச்சர்’ என்று இவள்தான் முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அன்று காலை ஆறரைக்குப் பள்ளி வேன் வந்தது. வைக்க இடமில்லாமல் ஒரு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்து கையாட்டிவிட்டுப் போனாள். நாற்பது பெண்கள். மத்தியானச் சமையல் ஒன்பதரைக்கே ஆரம்பித்திருப்பார்கள்.

என் மனைவி படாளத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அவளிடம் என்ன சொல்வது என்ற எண்ணம் வந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன். முதலில் பக்கத்தில் இருக்கிற மூன்று மூட்டை, பிறகு தோப்பு. வரிசை அதுதான்.

“நீ மாட்டுக்காரர் வூட்டுக்கு ஓடு. சாக்கைத் திருப்பி வாங்கிக்க. எரிச்சிருந்தாங்கன்னா சாம்பல் மேல ஈர மண்ணப் போட்டு மூடு. மாடு கிட்டப் போவக் கூடாது. யாரும் கையில தொடக் கூடாது.”

“இன்னா சார் ஆச்சு? மூஞ்சியே செத்துப் போச்சு உனுக்கு.”

“இந்த மரத்துல விஷம் இருக்கு. போ.”

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அதற்காக அவருக்கு இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இட்லிக் கடை அக்கா அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. அந்தச் சாலையில் அவரை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஒரு மூட்டை அப்படியே மூலையில் இருந்தது. இன்னொன்றைச் சாயங்கால வடைக்காக இரண்டு அடுப்பில் இடித்து அடைத்து வைத்திருந்தார். பாட்டிலைக்கூட இன்னும் உருவவில்லை. நான் ஒரு அடுப்பைத் தூக்கிச் சாக்கில் கவிழ்த்ததும் கரண்டியோடு வந்துவிட்டார்.

“இன்னா தம்பி, குட்த்தத திருப்பி எடுக்கற? பொண்ணக் குட்த்துட்டு மறுநாளே கூட்டினு போற மாதிரி கீதே!”

“அக்கா, இதுல மருந்து ஏத்தியிருக்காங்க. எரிச்சா ஆபத்து.”

“இன்னா மருந்து, மூட்டப்பூச்சி மருந்தா? நல்லதுதான், கடையில கரப்பான் ஜாஸ்தி.”

“அக்கா, வெளையாடல.”

“நானும் வெளையாடல. சாயங்காலம் இன்னாத்த வெச்சி எரிக்கிறது? உன் தலையையா?”

பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். “வூட்டுல கேஸ் அடுப்பு இருக்கு. சிலிண்டரோட தூக்கியாந்துக்கோங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்.” அவர் சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டாவது அடுப்பைத் தானே தூக்கிக் கவிழ்த்தார். “இந்தக் கையால எதையாச்சும் தொட்டுத் தொலைக்கப் போறேன்” என்று முனகிக்கொண்டே குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினார்.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பள்ளிக்கு போன் போட்டேன். எடுத்தவர் அலுவலக உதவியாளர். முகாமில் போன் உண்டா என்று கேட்டேன்.

“கேம்ப்புல போனா? அங்க சவுக்கு மரம்தான் சார் கீது.”

“யாராவது டீச்சரைக் கூப்பிடுங்க. அவசரம்.”

“அல்லாரும் பரீட்ச ஹால்ல கீறாங்க. ஒன்றரைக்குப் பண்ணு.”

வைத்துவிட்டேன். செல்போன் அப்போது என்னிடம் இல்லை, தோப்பில் யாரிடமும் இருந்திருக்காது. மொபெட்டை எடுத்தபோது பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம்; அதற்குள் என் ஆள் மாட்டுக்காரர் வீட்டுச் சாக்கைப் பிரிக்காமலே திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிளாஸ்டிக் பட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான் வாயால் சொல்வதை அங்கே யாரும் நம்பப் போவதில்லை என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

திருக்கழுக்குன்றத்தில் மாட்டிக்கொண்டேன். மலைக் கோயிலில் பிரசாதம் தின்னக் கழுகு வருவது நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் உச்சிப்பொழுதில் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கூட்டம் நின்றுவிடவில்லை. வெளியூர்ப் பேருந்துகள் இரண்டு தேரடியில் எதிரெதிரே நின்று வழியை அடைத்திருந்தன. நான் இறங்கி, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, ஆட்களுக்கு நடுவே புகுந்தேன். ஒருத்தர் காலில் சக்கரம் ஏறியது.

“இன்னா அண்ணாத்த, கழுகுக்கு நாஸ்தா எடுத்துகினு போறியா, இம்மாம் அவசரம்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மன்னிப்புக் கேட்கவும் நிற்கவில்லை. 

அந்த ஊரைத் தாண்டிய பிறகு சாலை காலியாக இருந்தது. வழி நெடுகக் கணக்குப் போட்டேன். புகை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், மூடி வைத்த பாத்திரமா திறந்ததா, நாற்பது தட்டில் எத்தனை தட்டைச் சாம்பலால் தேய்த்திருப்பார்கள், ஒரு தட்டில் எவ்வளவு ஒட்டும். எந்தக் கணக்குக்கும் விடை தெரியவில்லை. கல்லூரியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது சோதனைக் குழாயில் எவ்வளவு என்று மட்டும்தான். ஒரு பெண் குழந்தைக்கு எவ்வளவு என்று இல்லை. தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததைச் செய்வது என்று முடிவு செய்தேன். அடுப்பை அணைக்க வேண்டும். சாம்பலைப் பிடுங்க வேண்டும். சோற்றைக் கொட்ட வேண்டும். மூன்றையும் வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

ஒன்று பத்துக்குத் தோப்புக்குள் நுழைந்தேன்.

நீலச் சீருடையில் பெண்கள் தட்டோடு வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். மூன்று தூள் அடுப்பும் தணிந்திருந்தன. இறக்கி வைத்த சாம்பார் சாத அண்டாவிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ஒரு சாக்கு காலியாக மடித்துக் கிடந்தது. இன்னொன்றில் பாதி. அடிபம்புக்குப் பக்கத்தில் ஆறேழு பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு ஓலைத்துண்டில் சாம்பல் குவித்து வைத்திருந்தது.

என் மகளைக் காணவில்லை.

“அவ எங்க?” என்று வரிசையில் கடைசியாக நின்ற பெண்ணிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்து போகிற பெண், என்னைத் தெரியும்.

“அங்கிள், அவ ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தா. கூடாரத்துல படுத்துகினு கீறா.”

கூடாரம் முப்பது அடி தூரத்தில் இருந்தது. பம்பு வலது பக்கம், அதே தூரம். நான் பம்புப் பக்கம் ஓடினேன். நியாயமாகப் பார்த்தால் அதுதான் சரி. அவள் விழுங்கியிருந்தால் விழுங்கியாகிவிட்டது, இந்தப் பெண்கள் இன்னும் விழுங்கவில்லை. இருந்தாலும் அந்த நான்கைந்து நிமிடம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதை என்னால் சாதாரணமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் முடியவில்லை.

“தட்டைக் கீழ போடுங்க! சாம்பலைத் தொடாதீங்க! யாரும் சாப்பிடாதீங்க!”

பெண்கள் பயந்து எழுந்து நின்றார்கள். பொறுப்பாசிரியை வேகமாக வந்தார். திருக்கழுக்குன்றத்தில் கோயில் காரியம் பார்க்கிற குடும்பம் அவர்களுடையது. கணக்கு டீச்சர், கண்டிப்பானவர் என்று மகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

“யார் சார் நீங்க? பொம்பளப் பிள்ளைங்க கேம்ப்புக்குள்ள வந்து என்ன சத்தம்?”

யார் என்று சொன்னேன். மரத்தைப் பற்றிச் சொன்னேன். கெமிக்கல் என்று மூன்று தரம் சொல்லியிருப்பேன்.

“எல்லாத்துலயும்தான் சார் கெமிக்கல் இருக்கு. இந்தக் குழந்தைங்க காலையிலேர்ந்து ரெண்டு பிஸ்கட்டு சாப்பிட்டுட்டு மலை மலையா வேலை செஞ்சிருக்குங்க. நீங்க வந்து சோத்தைக் கொட்டுன்னா கொட்டிடறதா?”

சமையலுக்கு வந்திருந்த ஆயா, பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர், முழங்கை வரை சாம்பலோடு இடுப்பில் கைவைத்து நின்றார். “நாப்பது புள்ளைங்க சோறு. அடுப்படியில வெந்தது நானு. கொட்ட சொல்றதுக்கு இன்னா நோவுது? இந்தாள வெளிய அனுப்பு டீச்சர், புள்ளைங்க பசியில கீதுங்க.”

“மேடம், சோறு நல்லாவே இருக்கலாம். இருக்கலாம்னு நம்பி நாப்பது தட்டுல போட முடியாது.”

“நீங்க டாக்டரா?”

“இல்ல. பட்டறை வெச்சிருக்கேன்.”

அவர் முகத்தில் பேச்சு முடிந்துவிட்டது என்பது தெரிந்தது. நான் அண்டாவுக்கும் வரிசைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். தள்ளினால் தள்ளட்டும் என்று நின்றேன். எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை, சண்டை வந்தால் ஒதுங்கிப் போகிற ஆள். அன்றைக்கு ஒதுங்க இடமில்லை.

கூடாரத்திலிருந்து என் மகள் வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. எல்லாருக்கும் முன்னால் அப்பா இப்படி நிற்கிறாரே என்கிற கூச்சம் நடையில் தெரிந்தது. பையிலிருந்து பட்டையை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தாள். டீச்சரிடம் கொடுத்தாள். பிறகு ஆயாவின் பக்கம் திரும்பினாள்.

“ஆயா, அது பாஷாணம்.”

நான் எவ்வளவு கத்தியும் நகராத இடம் அந்த ஒரு வார்த்தைக்கு நகர்ந்தது. வரிசை கலைந்தது. ஆயா இடுப்பிலிருந்து கையை எடுத்து, தன் கைகளையே வேறு யாருடையதோ மாதிரி பார்த்தார். “ஐயோ, தட்ட முழுக்கத் தேச்சிட்டனே” என்றார். டீச்சர் பட்டையை இரண்டு தடவை படித்தார். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்டாவின் ஒரு காதைத் தானே துணியால் பிடித்தார். மறுகாதை நான் பிடித்தேன். சவுக்கு வேர்களுக்கு நடுவே மணலில் கவிழ்த்தோம். அவ்வளவு சோறும் ஆவியோடு மணலில் பரவியது. ஒரு சின்னப் பெண் அழுதாள், பசிதான்.

அதற்குப் பிறகு டீச்சர் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். அவரை நான் எதிரியாக நினைத்தது ஐந்து நிமிடம்கூட இல்லை. நாற்பது பேரையும் பம்படியில் வரிசையாக நிறுத்தி முழங்கை வரை சோப்புப் போட வைத்தார். வாய் கொப்பளிக்க வைத்தார். யார் தட்டு தேய்த்தது, யார் அடுப்பு ஊதியது, யார் சாம்பல் அள்ளியது என்று ஒரு நோட்டில் பெயர் எழுதினார். முகாமுக்கு வந்திருந்த உடற்பயிற்சி ஆசிரியையிடம் என் மொபெட்டைக் கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். “டாக்டர் இல்லன்னா எங்க போயிருக்காங்கன்னு கேட்டு அங்க போ. கூட்டிக்கிட்டு வராம வராதே.” சாம்பலையும் மீதித் தூளையும் நான் சாக்கோடு சேர்த்துக் குழியில் வைத்து, யாரும் தோண்டாதபடி மேலே கல் அடுக்கினேன். சாலையோரத்து டீக்கடையிலிருந்து பன் வாங்கிவரச் சொல்லிப் பெண்களுக்குக் கொடுத்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் என் மகளிடம் போனேன். கூடாரத்து நிழலில் படுத்திருந்தாள். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நெற்றி சில்லென்று இருந்தது. மூன்றாவது தடவையும் வாந்தி வந்தது, வெறும் தண்ணீர். என் துண்டால் வாயைத் துடைத்துவிட்டேன்.

“நான்தானப்பா எடுத்துட்டு வந்தேன்.”

“நான்தான் கட்டிக் குடுத்தேன்.”

“நான் கேட்டதாலதான் குடுத்த.”

“பேசாம படு.”

“எல்லாரும் என்னையே பாக்கறாங்கப்பா.”

“பாக்கட்டும். நீ சொன்னதாலதான் யாரும் சாப்பிடல.”

ஒருக்களித்துப் படுத்தாள். பிறகு, “வயிறு பொரட்டுது” என்றாள். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். கண்ணை இழுத்துப் பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னேன். கையை முகர்ந்தேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் தேடுவதை நிறுத்த முடியவில்லை. டீச்சர் நடுவில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, ஒரு இளநீரை வைத்துவிட்டுப் போனார். வயிற்றில் என்ன நிற்கிறது என்று தெரியாமல் அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யவே அரை மணி நேரம் எனக்கு ஆனது. கடைசியில் ஸ்பூனால் கொடுத்தேன். நின்றது.

மூன்றரைக்கு மேல் ஆகியும் யாரும் வரவில்லை. வராவிட்டால் அவளைச் சாலைக்குத் தூக்கிக்கொண்டு போய் முதலில் வருகிற பேருந்தை மறிப்பது என்று முடிவு செய்து, எத்தனை மணிக்கு என்றும் வைத்துக்கொண்டேன். நாலேகால்.

நாலு பத்துக்கு ஜீப் வந்தது. இறங்கியவர் இளம் டாக்டர் அம்மா, என் கடைசித் தங்கை வயது இருக்கும். தடுப்பூசி முகாமுக்காக வேறு ஊருக்குப் போயிருந்தவரை உடற்பயிற்சி ஆசிரியை தேடிப் பிடித்திருந்தார். டாக்டர் யாரையும் திட்டவில்லை, பட்டையை ஒரு தரம் படித்துவிட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். முதலில் ஆயாவின் கைகளைப் பார்த்தார். பிறகு டீச்சர் எழுதிய பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராக. கடைசியில் கூடாரத்துக்கு வந்து என் மகள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

“வேன்ல எங்க உக்காந்த?”

“கடைசி சீட்டு.”

“காலையில என்ன சாப்பிட்ட?”

“ஒண்ணும் இல்ல டாக்டர். டீ மட்டும்.”

“மொத வாந்தி எப்ப?”

“வேன விட்டு எறங்கினவுடனே.”

“அப்போ அடுப்பு பத்தவெச்சிருந்தாங்களா?”

“இல்ல.”

நாடி பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கண், நாக்கு, நகம் எல்லாம் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் தலை இன்னும் என் மடியில்தான் இருந்தது.

“பயப்படற மாதிரி எதுவும் எனக்குத் தெரியல. வெறும் வயித்துல பின் சீட்டுல வந்திருக்கா, அதுவாவே இருக்கலாம். ஆனா அப்படியே விட்டுடப் போறதில்ல. இவளும் ஆயாவும் இன்னைக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரில இருக்கட்டும். நான் எழுதித் தர்றேன்.”

நான் தலையாட்டினேன். மகளின் வாயோரத்தில் ஈரம் இருந்தது. துடைக்கத் துண்டை எடுத்தேன்.

டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“இது என்ன துண்டு?”

“என்னோடதுதான். மெஷின் ஓட்டும்போது மூக்குல கட்டிக்கிறது.”

அவர் துண்டை இரண்டு விரலால் வாங்கித் தள்ளி வைத்தார். என் தலைமுடியை, காது மடலை, சட்டைத் தோளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நானும் அப்போதுதான் குனிந்து பார்த்தேன். தையல் மடிப்பு எல்லாவற்றிலும் பச்சையாகப் பொடி அப்பியிருந்தது. மகளின் கழுத்திலும் கன்னத்திலும் அது இறங்கியிருந்தது.

“சார், மெதுவா அவ தலையை எறக்கிட்டு எழுந்து தள்ளிப் போங்க” என்றார். “ரெண்டு மணி நேரமா இங்க அவ மேல அந்தத் தூளைக் கொட்டிக்கிட்டு இருக்கிறது நீங்கதான். போய்த் தலையோட குளிச்சு, வேற சட்டை போட்டுக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் பொண்ணைத் தொடாதீங்க.”